ராயபுரத்துக் கல் வரிசையில் ஒரு குடை

பினாங்குத் துறைமுக வாசலில் நின்றபடி நாசி லெமாக் தின்றுகொண்டிருந்தபோதுதான் அந்த எண்ணம் தோன்றியது. தேங்காய்ப்பால் சோறு, வறுத்த நெத்திலி, கண்ணில் நீர் வரவழைக்கும் சம்பல். சோற்றை முடித்து வாழையிலையைத் தள்ளினால் அடியில் எண்ணெய் ஊறிய செய்தித்தாள். அதில் ஓர் அறிவிப்பு. கடல் கடந்த ஒரு பல்கலைக்கழகம் பட்டதாரிகளை மேற்படிப்புக்கு அழைக்கிறது. படிப்பு, தங்குமிடம், சாப்பாடு, கப்பல் கட்டணம், குளிருக்குக் கோட்டு வரை எல்லாம் அவர்கள் பொறுப்பு. கூடவே தலைமைப் பயிற்சி.

கோட்டு என்ற சொல்லில் என் மனம் பறிபோய்விட்டது. பினாங்கு வெயிலில் பிறந்தவளுக்குக் கோட்டு போடும் யோகம் வேறு எப்படி வரும்? அப்பா துறைமுகத்தில் சரக்குத் தூக்கும் வின்ச் ஓட்டுபவர். நான் பட்டம் வாங்கிவிட்டு ஒரு தமிழ்ப் பள்ளியில் கணக்குச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தேன். விரலைக்கூடச் சரியாகத் துடைக்காமல் விண்ணப்பம் கேட்டு எழுதிப் போட்டேன்.

பரீட்சை, நேர்காணல் எல்லாம் தாண்டிக் கடைசியில் இரண்டு பேர் மிஞ்சினோம். இடம் ஒன்றுதான். எங்கள் இருவரையும் ஆளுக்கொரு துறைமுகத்துக்கு அனுப்பினார்கள். முன்பின் தெரியாத ஒரு குடும்பத்தோடு தங்க வேண்டும். அந்தத் தெருக்காரர்களோடு சேர்ந்து ஒரு நல்ல காரியம் செய்ய வேண்டும். கடைசியில் அந்தப் பல்கலைக்கழகத்துப் பேராசிரியர் அம்மையார் ஒருவர் நேரில் வந்து பார்த்து முடிவு சொல்வார். மற்றவன் கொழும்புக்குப் போனான். எனக்குச் சென்னை, அதிலும் ராயபுரம்.

கப்பலை விட்டு இறங்கியதும் என்னை அழைத்துப்போக, நான் தங்கவேண்டிய வீட்டுக்காரர் அந்தோணி அண்ணன் வந்திருந்தார். அவர் இங்கே துறைமுகத்தில் கிரேன் ஓட்டுபவர். வேலை முடிந்த கையோடு வந்ததால் முகமெல்லாம் கரித்தூள், பல் மட்டும் வெள்ளை.

"பினாங்கு பொண்ணு நீதானா? இன்னா, இம்மாந்துண்டு கீற?"

"வணக்கம் அண்ணா. தங்களைச் சந்தித்ததில் மிக்க மகிழ்ச்சி" என்றேன்.

அவர் அப்படியே நின்றுவிட்டார். வீட்டுக்குப் போனதும் மனைவி செசிலி அக்காவிடம், "தபாரு செசிலி, ரேடியோல நியூஸ் படிக்கிற மாதிரியே பேசுது. ஏம்மா, இன்னொருவாட்டி சொல்லு, கேக்கட்டும்" என்றார். நான் இன்னொரு முறை சொன்னேன். அக்கம்பக்கத்து வீடுகளிலிருந்தும் வந்து கேட்டுவிட்டுப் போனார்கள். அன்று மாலைக்குள் என் பெயர் போய் வெறும் "பினாங்கு" ஆகிவிட்டேன்.

வீடு மாதா கோயிலுக்கும் கடலுக்கும் நடுவே ஒரு சந்தில் இருந்தது. ஓர் அறை, ஓர் அடுப்படி. எங்கள் ஊரில் காலை, படகின் ஊதலோடு தொடங்கும். இங்கே கோயில் மணி, துறைமுகச் சங்கு, கூட்ஸ் வண்டிகள் முட்டிக்கொள்ளும் சத்தம் மூன்றும் யார் முதலில் எழுப்புவது என்று போட்டி போடும். மூன்றும் தோற்றாலும் மீன் கூடை தூக்கிக்கொண்டு போகும் கங்கம்மாவின் குரல் எழுப்பிவிடும். கங்கம்மா எதிர்வீட்டுக்காரி. அவள் சாதாரணமாகப் பேசுவதே சண்டை மாதிரி இருக்கும். சண்டை போடும்போது சந்திலுள்ள காக்கைகள் எல்லாம் எழும்பிப் போய்விடும்.

செசிலி அக்கா முதல் வேளையே சுறாப்புட்டு போட்டாள். நான் கைகழுவக் குழாயடிக்குப் போகிறேன் என்றதும் வழியை மறித்தாள். "விருந்தாளி கொயாயாண்டல்லாம் வரக்கூடாது. அண்டால மொண்டுக்கோ." தண்ணீர் விடிவதற்குள் ஒரு முறையும் மதியத்துக்கு மேல் ஒரு முறையும் வருமாம். நான் எழும்போது அண்டா எப்போதும் நிறைந்திருக்கும். எப்படி நிறைகிறது என்று நான் கேட்கவே இல்லை. இதைக் கவனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டாம் நாள் ஊர் பார்க்கக் கிளம்பினேன். இந்த ஊரார் பாரீஸ் என்று சொல்லும் பாரிமுனைக்குப் போவதாக நினைத்துச் சாலையின் எதிர்ப்பக்கத்தில் நின்று பஸ் ஏறிவிட்டேன். கண்டக்டர் எங்கே இறங்க வேண்டும் என்று கேட்டார். "கடைசி நிறுத்தம்" என்றேன் கம்பீரமாக. தண்டையார்பேட்டை, டோல்கேட், திருவொற்றியூர் என்று பஸ் போய்க்கொண்டே இருந்தது. ஒருபக்கம் ஆலைப் புகைபோக்கிகள், மறுபக்கம் கடல், நடுவே கோபுரம். பாரிமுனை இவ்வளவு அழகா என்று வியந்துகொண்டே போனேன். கடைசி நிறுத்தத்தில் இறங்கினால் எண்ணூர். உப்புக்காற்று முகத்தில் அறைந்தது.

கண்டக்டர் வயிறு குலுங்கச் சிரித்தார். "பாரீசுக்கு எண்ணூர் வயியா போற மொத ஆளு நீதாம்மா! குந்து, டீ குடி. இதே வண்டிதான் திரும்பும்." டீயும் பொறை ரொட்டியும் வாங்கித் தந்தார். பொறையை டீயில் முக்கி, உடைந்து விழுவதற்குள் வாயில் போட வேண்டும். எனக்கு நாலில் மூன்று உள்ளேயே விழுந்தன.

மூன்றாம் நாள் பீச் ஸ்டேஷன் பக்கம் பர்மாவிலிருந்து திரும்பி வந்த ஒருவரின் தள்ளுவண்டியில் அத்தோ தின்றேன். நூடுல்ஸ், கோஸ், வறுத்த வெங்காயம், புளித்தண்ணீர் எல்லாவற்றையும் கையாலேயே பிசைந்து தருகிறார். எங்கள் ஊர் நூடுல்ஸான மீயின் ஒன்றுவிட்ட தங்கை போல ஒரு ருசி. அவரிடம் அப்படிச் சொன்னேன். "அக்கா எப்டி கீறா?" என்று விசாரித்தார்.

இதெல்லாம் சரி. நல்ல காரியம்?

சந்து முனையில் ஒரு கேரம் கிளப் இருந்தது. அங்கிருந்த இளைஞர்களுக்கு மாலை வகுப்பு எடுக்கிறேன் என்று போய் நின்றேன். தாஸ் என்பவன்தான் அங்கே முதல் ஆட்டக்காரன். பகலில் மீன்பாடி வண்டி மிதிப்பவன். மூன்று சக்கரமும் முன்னால் பலகையுமாகச் சென்னையின் சாமான் எல்லாம் சுமக்குமே, அந்த வண்டி. அவன் என்னை மேலும் கீழும் பார்த்தான். "மொதல்ல ஸ்ட்ரைக்கர் புடிக்கக் கத்துக்கோ. அப்பால நீ எங்களுக்குக் கத்துக்குடு." இரண்டு மாலைகளில் நான் சிவப்புக் காயைப் போடக் கற்றுக்கொண்டேன். அவர்கள் என்னிடம் எதையும் கற்றுக்கொள்ளவில்லை.

அப்போதுதான் அம்மையாரிடமிருந்து ஆள் வந்தான். கொழும்பைப் பார்த்துவிட்டுச் சென்னை வந்திருக்கிறார். நாளை மதியம் நம் வீட்டில் சாப்பாடு. கொழும்புக்காரன் தெருவுக்கு ஒரு குளியல் கொட்டகையே கட்டிவிட்டானாம், அருமையாக இருக்கிறதாம்.

என் கையில் இருந்தது சிவப்புக் காய் மட்டும். சந்தை ஒரு சுற்றுப் பார்த்தேன். குழாயடியில் பார்வை நின்றது. அரைச் செங்கல், உடைந்த அம்மி, மூக்கில்லாத கெட்டில், துருப்பிடித்த கப்பல் கொக்கி, ஓட்டைப் பானை என்று ஒரு நீளக் குப்பை. இதை அள்ளிப் போட்டுச் சுற்றிச் சுண்ணாம்பு அடித்தால் எப்படி இருக்கும்!

கிளப்புக்கு ஓடினேன். "தாஸ், குழாயடியைச் சுத்தம் செய்யலாமா? நாளைக்கு என் படிப்பே இதில்தான் இருக்கிறது."

எல்லோரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். பிறகு ஆட்டத்தைப் பாதியில் விட்டுவிட்டு எழுந்து வந்தார்கள். நான் பூரித்துப்போனேன். பெண்கள் மாதா கோயில் நவநாள் ஜெபத்துக்கும் மீன் அங்காடிக்கும் போயிருந்த நேரம். இருட்டுவதற்குள் அத்தனையும் குப்பை வண்டியில் ஏறிப்போயின. குழாயைச் சுற்றிப் பளீரென்று வெள்ளை. தலைமை என்றால் இதுதான் என்று நினைத்துக்கொண்டே தூங்கினேன்.

விடிவதற்கு முன் காக்கைகள் எழும்பின.

வெளியே ஓடினேன். குழாய் கொட்டிக்கொண்டிருந்தது. ஒரு குடம்கூட அடியில் இல்லை. சந்துப் பெண்கள் மொத்தப் பேரும் ஒருவர் குடத்தை ஒருவர் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தார்கள்.

"நான்தாண்டி மொதல்ல!"

"இன்னாது? நீ மொதல்லயா? உன் மூஞ்சிக்கு!"

"எவ எடுத்தா எங்க கல்லை? அவ கை வெளங்குமா?"

கை விளங்காமல் போகவேண்டியவளான நான் அங்கேயே நின்றிருந்தேன். செசிலி அக்கா என்னை ஓரமாக இழுத்துப்போய்ச் சொன்ன பிறகுதான் புரிந்தது. அது குப்பை இல்லை, வரிசை. ஒவ்வொரு கல்லும் ஒரு வீடு. புருஷன் கடலில், மனைவி அங்காடியில் என்றிருக்கும் தெருவில் யார் நாள் முழுக்கக் குழாயடியில் நிற்க முடியும்? கல் நிற்கும். தண்ணீர் நின்றால் வரிசையும் நிற்கும். அடுத்த முறை தண்ணீர் வரும்போது விட்ட இடத்திலிருந்து தொடரும். பிடித்து முடித்தவள் தன் கல்லைக் கடைசியில் கொண்டுபோய் வைப்பாள். முறை வரும்போது ஆள் இல்லையா, பின்னால் இருப்பவள் நிரப்பி அவள் வாசலில் வைத்துவிட வேண்டும். வருஷக்கணக்காக நடக்கிறது. கங்கம்மாகூடக் குழாயடியில் மட்டும் சண்டை போட்டதில்லையாம்.

தாஸ் தலையைச் சொறிந்துகொண்டு வந்தான். "உனக்குத் தெரியாதா?" என்று பாய்ந்தேன்.

"தெரியும். படிச்ச பொண்ணாச்சே, பொம்பளைங்க கிட்ட கேட்டுகினுதான் வந்திருப்பேன்னு நெனச்சோம்."

நானோ, இந்த ஊர்க்காரர்கள் மறுப்பு சொல்லவில்லை, அதனால் குப்பைதான் என்று நினைத்திருந்தேன். அதற்குள் குழாய் சீறிவிட்டு நின்றுபோனது. எந்த அண்டாவிலும் தண்ணீர் ஏறவில்லை.

"வண்டியை எடு" என்றேன்.

தாஸ் மிதித்தான். பலகையில் நான், செசிலி அக்கா, கங்கம்மா. "நீ குப்பைய நோண்டினா எது கல்லு, எது குப்பைன்னு உனுக்கு இன்னா தெரியும்?" என்று சொல்லிக் கங்கம்மாவே ஏறிக்கொண்டாள். தண்டையார்பேட்டைக்கு அப்பால் குப்பைமேடு. ஊரே அங்கே கிடந்தது. மூக்கைப் பொத்திக்கொண்டு தோண்டினோம். "ஐயே, என் அம்மி!" என்று கங்கம்மா அந்த உடைந்த கல்லை முந்தானையால் துடைத்த விதத்தைப் பார்த்தால், தொலைந்த பிள்ளை கிடைத்தது போல இருந்தது. ஒவ்வொன்றையும் அவர்கள் பெயர் சொல்லி எடுத்தார்கள். கெட்டில் ரோசியுடையது, கொக்கி பாத்திமாவுடையது, நீலச் சாயம் பட்ட அரைச் செங்கல் செசிலி அக்காவுடையது.

திரும்பும்போது டோல்கேட்டில் வண்டி நின்றுவிட்டது. நாலு பக்கமும் லாரி. ஒரு பஸ்ஸிலிருந்து தலையை நீட்டி ஒருவர் கேட்டார். "இன்னாம்மா, வூடு கட்றியா?"

"உனுக்கு சமாதி கட்றேன், வர்றியா?" என்றாள் கங்கம்மா.

கல் கிடைத்துவிட்டது. ஆனால் யார் முதல், யார் கடைசி? அதற்கு யாரிடம் போவது? நான் தலையில் கைவைத்து உட்கார்ந்திருந்தேன். பக்கத்தில் அவர்கள் இருவரும் ஆரம்பித்தார்கள்.

"தள்ளி குந்துடி. கொயாயாண்டயும் உனுக்குப் பின்னால நின்னு நின்னே எனுக்கு பாதி ஆயுசு பூட்ச்சி. ஒரு குடம் ரொப்ப ஒரு மணி நேரம் பண்ணுவா" என்றாள் செசிலி அக்கா.

நான் நிமிர்ந்தேன். காலையில் இதே செசிலி அக்கா தான்தான் முதல் என்று கத்தியவள்.

"கங்கம்மாக்கா, உங்களுக்கு முன்னால் யார்?"

"அந்த ரோசிதான். ஒரு வூட்டுக்கு ஏழு குடம் புடிப்பா, கேட்டா விருந்தாளிம்பா. பேஜாரு புடிச்சவ."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சந்துக்குத் திரும்பியதும் ஒரு வீடு விடாமல் போய், "உங்களுக்கு முன்னால் நின்று உங்களைத் தொல்லைப்படுத்துவது யார்?" என்று மட்டும் கேட்டேன். ஒருத்தியாவது பொய் சொல்ல வேண்டுமே! அத்தனை பேரும் வருஷக்கணக்கில் சேர்த்துவைத்த ஆத்திரத்தோடு துல்லியமாகச் சொன்னார்கள். வட்டம் தானாகச் சேர்ந்தது. நேற்று கடைசியாகப் பிடித்தவள் யார் என்பதிலும் தகராறு இல்லை. நிறைந்த அண்டாவை எங்கே மறைப்பது? அவளுக்கு அடுத்தவள்தான் முதல். கற்களை வரிசையாக வைத்தோம். சண்டை போட்டவர்கள் வந்து தங்கள் கல்லைச் சற்றுத் திருப்பி, நேராக வைத்துவிட்டுப் போனார்கள்.

முதுகை நிமிர்த்தும்போது சந்து முனையில் ஒரு டாக்சி வந்து நின்றது. வெயிலுக்குக் கறுப்புக் குடை பிடித்துக்கொண்டு, உயரமாக, பேராசிரியர் அம்மையார் இறங்கினார்.

"துரைசாணி வந்துடுச்சி!" என்று குரல் பறந்தது.

என் சேலையில் குப்பைமேடு மணத்தது. சுண்ணாம்பைச் சுற்றி மறுபடியும் அரைச் செங்கலும் கெட்டிலும். காட்டுவதற்கு என்னிடம் ஒன்றுமே இல்லை. நல்லவேளையாக நண்டு இருந்தது. கங்கம்மா கூடையிலிருந்து கொடுத்தது. வீட்டிலிருந்த கடைசிக் குடத் தண்ணீரில் செசிலி அக்கா குழம்பு வைத்திருந்தாள். அம்மையாருக்குக் கரண்டி கொடுத்தோம். மறுத்துவிட்டார். மணிக்கட்டு வரை குழம்பு வழிய நண்டின் ஓட்டை உடைத்து உறிஞ்சினார். அந்தோணி அண்ணன் என் காதில், "சாப்புட்ற அயகைப் பார்த்தா நம்ம காசிமேட்டு மீன்காரி மாதிரி கீது" என்றார்.

சாப்பிட்டு முடித்தபோது வெளியே குழாய் சீறியது. வீட்டில் கைகழுவச் சொட்டுத் தண்ணீர் இல்லை. அம்மையார் குழம்புக் கைகளை உயரத் தூக்கிக்கொண்டு எழுந்தார். நேராகக் குழாயை நோக்கி நடந்தார்.

கங்கம்மா பிடித்துக்கொண்டிருந்தாள். சுற்றி நாலைந்து பெண்கள். அவர்கள் அம்மையாரைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தார்கள். சற்று முன்புதான் வைத்த வரிசை. கோட்டு என் கண் முன்னால் பறந்து போவது தெரிந்தது.

"அம்மா, இங்கே வரிசை இருக்கிறது" என்றேன் ஆங்கிலத்தில்.

"வரிசையா? ஆளே இல்லையே?"

"இவையெல்லாம் ஆட்கள்தான்." கற்களைக் காட்டினேன்.

"கையைத்தான் கழுவ வேண்டும், பெண்ணே."

"தெரிகிறது. உங்கள் முறை வரவில்லை."

"நான் எதற்காக இங்கே வந்திருக்கிறேன் என்று நினைவிருக்கிறதா?"

"இருக்கிறது" என்றேன். வீட்டுக்குள் போய் அவருடைய குடையை எடுத்துவந்து, மடக்கி, கற்களுக்கெல்லாம் கடைசியில் படுக்கவைத்தேன்.

கங்கம்மா குழாயடியிலிருந்து நிமிர்ந்தாள். "இன்னாடி பொண்ணு நீ, நண்டுக் கை, காஞ்சா நாறிப்பூடும்! இங்க வா துரைசாணி. கொயாய்லதான் மொறை. என் குடம் என்னுது, நான் யாருக்கு வேணா குடுப்பேன்." தன் குடத்திலிருந்து ஒரு சொம்பு மொண்டு அம்மையார் கையில் ஊற்றினாள். பிறகு தன் அம்மிக்கல்லைத் தூக்கிப்போய்க் குடைக்குப் பின்னால் வைத்தாள்.

அம்மையார் கையைக் கைக்குட்டையில் துடைத்தார். எல்லோருக்கும் நன்றி சொன்னார். என்னிடம் ஒன்றும் சொல்லவில்லை. டாக்சி போய்விட்டது.

போனபிறகுதான் பார்த்தோம், குடை வரிசையிலேயே கிடந்தது. எடுக்கலாம் என்று குனிந்தேன். "கை வெச்ச, தெரியும் சேதி" என்றாள் செசிலி அக்கா.

மறுநாள் காலை சீறிய தண்ணீரில் வரிசை நகர்ந்தது. மதியத் தண்ணீரில் குடை முன்னால் வந்துவிட்டது. கங்கம்மா இடுப்பில் கைவைத்துக்கொண்டு, "துரைசாணி மொறை வந்துடுச்சி. ஆளு எங்க?" என்றாள்.

"ஹோட்டலில் இருப்பார். விடுங்கள் அக்கா, அவர் கேட்கவா போகிறார்?"

"இன்னாத்த வுடறது? நேத்து அவ்ளோ பெரிய பொம்பளைய நிக்க வெச்ச இல்ல? இப்ப அவ மொறைய முழுங்கிட்டா நாம யோக்கியமா?" பித்தளைக் குடத்தை நிரப்பினாள். "பின்னால கீறது நான். வாசல்ல வெக்கவேண்டியதும் நான். வழிய காட்டு, வா."

குடம் அவள் இடுப்பில், குடை என் கையில். பஸ்ஸில் கண்டக்டர் குடத்துக்கு டிக்கெட் கேட்டார். அன்று எண்ணூரில் டீ வாங்கித் தந்த அதே ஆள். "துரைசாணி தண்ணிடா இது, டிக்கெட்டா கேக்கற?" என்று கங்கம்மா ஒரு சத்தம் போட்டாள். பஸ் குலுங்கும்போதெல்லாம் பக்கத்து சீட்டுக்காரர் நனைந்தார். என்னைப் பார்த்த கண்டக்டர், "இந்தவாட்டியாவது சரியான பக்கத்துல ஏறினியேம்மா" என்றார்.

ஹோட்டல் வாசலில் காவலாளி மறித்தான். கங்கம்மா இரண்டு வார்த்தைதான் பேசினாள். மாடி ஜன்னல்கள் திறந்தன. அதில் ஒன்றில் அம்மையார் தலை தெரிந்தது. இறங்கி வந்தார்.

"உன் மொறை வந்துச்சு, நீ இல்ல. அதான் கொண்டாந்தேன். புடி" என்றாள் கங்கம்மா. நான் மொழிபெயர்த்தேன்.

அம்மையார் குடத்தைப் பார்த்தார், குடையைப் பார்த்தார். "நீ கொண்டுவரச் சொன்னாயா?"

"இல்லை. வேண்டாம் என்றேன். என்னைத் திட்டினார்."

அவர் சிரித்த சிரிப்பில் காவலாளியே திரும்பிப் பார்த்தான். குடத்தை இரண்டு கையாலும் வாங்கி, அங்கேயே படியில் உட்கார்ந்து, முகம் கழுவினார். "கொழும்பில் எல்லோரும் அந்தப் பையன் பெயரைச் சொன்னார்கள். உன் தெருவில் உன் பெயரே யாருக்கும் தெரியவில்லை. இரவெல்லாம் யோசித்துக்கொண்டிருந்தேன். இப்போது நீ சொல்லாமலே உன் தெருவின் வரிசை என் வாசலுக்கு வந்திருக்கிறது" என்றார். பிறகு கேட்டார். "கோட்டு என்ன அளவு?"

என் கண் நிறைந்துவிட்டது.

"இன்னா சொல்றா?" என்றாள் கங்கம்மா.

"படிக்கக் கூப்பிடுகிறார் அக்கா."

"அதுக்கு இன்னாத்துக்கு அயுவுற? குடத்த வாங்கு, ஜல்தி. சாயங்காலம் மீனு விக்கணும்."

இப்போது கப்பலுக்குப் பெட்டி கட்டிக்கொண்டிருக்கிறேன். சேலைகளுக்கு நடுவே நீலச் சாயம் பட்ட அரைச் செங்கலில் பாதி இருக்கிறது. செசிலி அக்கா சுத்தியலால் உடைத்துக் கொடுத்தாள். மீதிப் பாதி குழாயடியில் அவள் இடத்தில் நிற்கிறது. பல்கலைக்கழக விடுதியில் ஒரு மாடிக்கு ஒரே குளியலறைதான் என்று அம்மையார் எச்சரித்திருக்கிறார். காலையில் பெரிய கூட்டமாம், பெரிய சண்டையாம். முதலில் எல்லோரிடமும் கேட்கப் போகிறேன். கேட்ட பிறகு, கோட்டைப் போட்டுக்கொண்டு போய், அந்தக் கதவருகே இந்தக் கல்லை வைத்துப் பார்க்கப் போகிறேன்.